பின்விளக்குக்காக ரிவர்ஸ் வயரில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் வண்டிகளுக்குக் கூடுதல் பின்விளக்கு பொருத்துவது பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். ஏற்கெனவே இருக்கும் ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து ஓர் இணைப்பு எடுத்தால் போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். 31 ஆண்டுகளாக வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன் நான். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் பிளேடும் டேப்புமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கப் போகிறார்களோ என்று நினைக்கவே மனம் பதைக்கிறது.

விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். வண்டியோடு வரும் ரிவர்ஸ் விளக்கு பெரும்பாலும் 21 வாட் பல்பு. தெருவிளக்கு எரியும் இடத்தில், சமதரையில், நாலடி பின்னால் வருவதற்கு அது போதும். இருட்டில், சேற்றுத் தடத்தில், பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரம் பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருக்கும்போது அந்த வெளிச்சத்தை நம்பி வண்டியைப் பின்னால் விட முடியாது. கல் எது, பள்ளம் எது, பள்ளத்தின் நிழல் எது என்றே தெரியாது. ஆகவே கூடுதல் விளக்கு பொருத்துகிறவர்களின் தேவை நியாயமானது. எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதில்தான் என் கவலை.

22 ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டிக்கு நானே அப்படித்தான் செய்தேன். பின் பம்பரில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு. ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, புது வயரை அதன்மேல் முறுக்கி, டேப் சுற்றினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டதும் எதிர்ச் சுவர் பட்டப்பகல் போல ஆயிற்று. என் தம்பி கைதட்டினான். அரை நிமிடம் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று அணைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் இரவில் ஒரு மலைச்சரிவில் மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. திருப்புவதற்கு இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. வந்த வழியே பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். தம்பி வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே கை காட்டினான். நான்கைந்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு வளைவில், ஒரே நொடியில், பின்பக்கம் முழுவதும் இருண்டுவிட்டது. நான் பொருத்திய விளக்குகளோடு, வண்டியோடு வந்த ரிவர்ஸ் விளக்குகளும் சேர்ந்தே அணைந்தன. எஞ்சிய சிவப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் பாதை தெரியவே இல்லை. நான் பிரேக்கை அழுத்தி மிதிப்பதற்குள் ஓடைப்பக்கத்துப் பின்சக்கரம் ஓரத்து மண்ணை உடைத்துக்கொண்டு இறங்கியது. தம்பி தாவி விழுந்தான். அச்சு தரையில் தட்டியதால் வண்டி அதற்குமேல் நகரவில்லை. அவனுடைய வலது மணிக்கட்டு முறிந்துபோனது. இன்றும் அவன் ஸ்குரூடிரைவரை இடக்கையால்தான் திருகுகிறான்.

நடந்தது என்ன என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். பழைய பல்புகள் இரண்டும் சேர்ந்து 42 வாட். 12 வோல்ட்டில் அது 3.5 ஆம்பியர். நான் சேர்த்த 110 வாட்டுக்கு 9 ஆம்பியருக்கும் மேல். ஆக மொத்தம் 13 ஆம்பியரை ஒட்டி வருகிறது. அந்தச் சுற்றின் ஃபியூஸ் 10 ஆம்பியர். அப்படியானால் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தபோதே அது ஏன் போகவில்லை என்று கேட்கலாம். ஃபியூஸ் கம்பி அளவுக்கு மேல் மின்சாரம் வந்தவுடனே அறுந்துவிடாது. பல மடங்கு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுதல் என்றால் சூடேறிச் சூடேறிச் சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். அரை நிமிடச் சோதனையில் தேறிய இணைப்பு ஐந்தாவது நிமிடத்தில், நீண்ட சரிவில், கைவிட்டது. ரிவர்ஸ் விளக்கைக் கூடுதலாகப் பயன்படுத்துகிற இடம் அத்தகைய சரிவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்றிரவு நான் செய்த காரியம் இன்னும் மோசமானது. கையில் இருந்த 20 ஆம்பியர் ஃபியூஸை அந்த இடத்தில் செருகினேன். சிவப்பு ஃபியூஸ் இருந்த குழியில் மஞ்சள் ஃபியூஸ். விளக்கு எரிந்தது, வீடு வந்து சேர்ந்தோம், நானும் அதை மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. கீழே படுத்துப் பார்த்தேன். கியர் பெட்டியில் இருக்கும் ரிவர்ஸ் ஸ்விட்சின் பிளக் மெழுகு போல உருகி ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளை முனைகள் கருநீலமாக வெந்துபோயிருந்தன. அதிலிருந்து மேலே ஏறும் வயரின் தோலை நகத்தால் கீறினால் உதிர்ந்தது. அந்த வயர் தனியாகப் போகவில்லை. வேறு ஏழெட்டு வயர்களோடு கட்டாகச் சேர்ந்து, பெட்ரோல் குழாய்க்கு ஒரு சாண் தள்ளிப் போகிறது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்கு. வயரின் தடிமனைப் பார்க்காமல் ஃபியூஸைப் பெரிதாக்கினால், அந்த வண்டியில் இனி ஃபியூஸ் வேலையைச் செய்யப்போவது வயர்தான்.

இதற்கு வழி பழையது, எளியது, மலிவானது: ரிலே. சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது; தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கட்டை. நான்கு கால்களிலும் எண்கள் அச்சிட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக ஒரு தடித்த வயர். 87 என்ற காலிலிருந்து விளக்குகளுக்கு ஒரு தடித்த வயர். 85, 86 என்ற இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச் சுருளின் முனைகள். ரிவர்ஸ் வயரிலிருந்து 86-க்கு மெல்லிய வயர், 85-ஐ எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான வண்டியின் இரும்பு உடலில், கொடுத்துவிட வேண்டும். ஐந்தாவதாக 87ஏ என்று ஒரு கால் சில ரிலேக்களில் இருக்கும். அது ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருக்கிற முனை. விளக்கை அதில் மாட்டிவிட்டு, ரிவர்ஸ் போட்டால் அணைகிறது, எடுத்தால் எரிகிறது என்று குழம்பி என்னிடம் வந்தவர்கள் உண்டு. ரிலேயின் சுருள் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 0.15 முதல் 0.2 ஆம்பியர். ரிவர்ஸ் ஸ்விட்சுக்கு அது ஒரு சுமையே இல்லை. விளக்குக்கான 9 ஆம்பியரும் புது வயரில், புது ஃபியூஸ் வழியாகப் போகும். அந்த ஃபியூஸ் அறுந்தாலும் வண்டியின் பழைய ரிவர்ஸ் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் தம்பிக்கு அன்று அந்தச் சிறு வெளிச்சமாவது மிஞ்சியிருக்கும்.

அந்தப் புது ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பின்னால் விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் ஐந்து மீட்டர் வயரைக் காவலில்லாமல் வண்டியின் அடிவயிற்றில் இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் ஒரு தகட்டு விளிம்பு அந்த வயரை அறுத்தால் பேட்டரியின் முழு வலுவும் அந்த ஓரிடத்தில் பாயும். நிறுத்த எதுவும் இல்லை. எஞ்சின் அணைந்திருந்தாலும், சாவி வீட்டில் இருந்தாலும் பாயும்.

வயரின் தடிமனுக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து பின் பம்பர் வரை வளைவு நெளிவெல்லாம் சேர்த்து 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 9 ஆம்பியர் போனால் வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போகும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலஜன் விளக்கில் அந்த ஒரு வோல்ட், வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் தின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தம். விளக்கு மங்கலாக இருக்கிறது என்று 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறவர்கள் முதலில் வயரை மாற்றிப் பார்க்கட்டும்.

இனி ஸ்விட்ச். முகாம் போடும்போதோ, சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போதோ, ரிவர்ஸ் கியர் போடாமலே பின்பக்கம் வெளிச்சம் தேவைப்படும். இதற்காகத் தனி ஸ்விட்ச் ஒன்றை வைத்து அதன் வயரையும் ரிலேயின் அதே காலில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறார்கள். அப்போது ஸ்விட்சைப் போட்டதும் மின்சாரம் ரிவர்ஸ் வயர் வழியாகத் திரும்பி ஓடி, வண்டியின் பழைய ரிவர்ஸ் விளக்குகளையும் எரிய வைக்கிறது. சாலையில் பின்னால் வருகிறவர், இவர் பின்னோக்கி வருகிறார் என்று நினைத்துத் திடீரென்று பிரேக் போடுவார். இதைத் தவிர்க்க நான் பயன்படுத்துவது நடுவில் நிற்கும் மூன்று நிலை ஸ்விட்ச். பொதுவான முனை ரிலேயின் 86-க்கு. மேல் நிலைக்கு ரிவர்ஸ் வயர், கீழ் நிலைக்குச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு வயர், நடுநிலையில் எதுவும் இல்லை. இரண்டு மூலங்களும் எந்த நிலையிலும் ஒன்றையொன்று தொடவே முடியாது. கீழ் நிலையில் இருக்கும்போது டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு எரியும்படி வைத்துவிடுவேன். பின்விளக்கு எரிகிறதா என்று முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்? சாவி வழியாகக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. 60 ஆம்பியர் மணி பேட்டரி இந்த இரண்டு விளக்குகளை ஏழு மணி நேரம்கூடத் தாங்காது. நடுக்காட்டில் விடிந்ததும் வண்டி கிளம்பாமல் நிற்பதைவிட, முகாமில் சாவியைத் திருப்பி வைப்பது சிறிய தொல்லைதான்.

என்னிடம் வரும் பின்விளக்குக் கோளாறுகளில் எர்த் சரியில்லாததுபோல வேறெதுவும் என்னை அலைக்கழித்ததில்லை. பாசிட்டிவ் வயருக்கு அவ்வளவு அக்கறை காட்டுகிறவர்கள், எர்த் வயரைக் கையில் அகப்பட்ட போல்ட்டில் சுற்றி முறுக்கிவிடுகிறார்கள். அந்த போல்ட் பெயிண்ட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் எரியும். நாலு முறை ஓடையைக் கடந்த பின் துரு ஏறும். பிறகு மின்சாரம் வீடு திரும்ப வேறு வழி தேடும்; பக்கத்து விளக்கின் இழை வழியாகப் போகும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கு சேர்ந்து துடிக்கும், பிரேக் மிதித்தால் சம்பந்தமே இல்லாத ஒரு விளக்கு மங்கலாக எரியும். பேய் பிடித்த வண்டி என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து விடுவார்கள். ஒரு முறை பிறர் கண்ணெதிரே செய்து காட்டினேன்: சேசிஸில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குப் பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளியாக மின்னும்வரை விட்டேனில்லை. பல் வைத்த வாஷர், அதன்மேல் வளைய லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்), அதன்மேல் போல்ட். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். பத்து நிமிட வேலை. "அண்ணா, இவ்வளவுதானா?" என்று வண்டிக்காரர் நம்பாமல் மூன்று முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.

இணைப்புகளைப் பற்றியும் ஓரிரு சொல். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். வெயிலில் பசை இளகி டேப் அவிழும். கத்தி போல உள்ளே இறங்கி வயரைக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். இழைகளில் பாதியை வெட்டிவிட்டுத் தண்ணீருக்குக் கதவும் திறந்து வைக்கும். ஈயம் பற்றவைத்தால் உறுதி என்று நானும் வெகுகாலம் நம்பினேன். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி அவ்வளவு நீளத்தைக் கம்பியாக இறுக்கிவிடுகிறது. ஓயாமல் குலுங்குகிற வண்டியில், இறுகிய பகுதி முடிந்து நெகிழ்ந்த பகுதி தொடங்கும் இடத்தில் அது ஒடிகிறது. அளவான லக்கை அதற்குரிய குறடால் நசுக்கி, பசை வைத்த சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுவதே இதற்கு ஏற்றது. தகட்டில் துளையிட்டு வயரை விடும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடக்கூடாது. சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள்.

தண்ணீரைக் கடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாலஜன் விளக்கு எரிந்து சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ரப்பர் விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி வெடித்ததும் உண்டு. இறங்குவதற்கு முன் அணைத்து ஆறவிட வேண்டும். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருப்பது, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் பழுதாகும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்பதைக் குறிக்கும் சோதனை அளவு. விளக்கு மட்டும் அதில் தேறி, நீங்கள் போட்ட இணைப்பு தேறாவிட்டால் பயனில்லை.

இப்போது பெரும்பாலோர் எல்இடி விளக்குதான் வாங்குகிறார்கள். 18 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர்தான். ஆகவே ரிலே எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய விளக்கோடு சேர்த்தால் அந்த மெல்லிய வயருக்கு இதுவும் ஏறக்குறைய இரட்டிப்புச் சுமை. மேலும் புதிய வண்டிகளில் பல்பு எரிகிறதா என்று கணினி வேவு பார்க்கிறது. அதற்காக அது அனுப்பும் நொடிப்பொழுது மின்துடிப்பிலேயே எல்இடி மினுக்கும், சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். எல்இடிக்கும் தனி வயர், தனி ஃபியூஸ், ரிலே என்பதே என் முடிவு. கணினி உள்ள வண்டியில் ரிலேயின் மெல்லிய வயரைக்கூட எங்கே தொடலாம் என்று அந்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

கடைசியாக, பின்னால் வருகிறவர்களுக்காகச் சில வரிகள். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வண்டியின் பின்பக்கம் வெள்ளை வெளிச்சம் காட்டலாகாது. ரிவர்ஸ் விளக்கும் எண் பலகை விளக்கும்தான் முக்கியமான விலக்குகள். ரிவர்ஸ் கியர் விழுந்திருக்கும்போது மட்டுமே ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டும் என்பது ஐ.நா.வின் 48-ஆவது வாகன ஒழுங்குவிதி. ஆகவே நான் சொன்ன ஸ்விட்சின் கீழ் நிலை, வண்டி நிற்கும்போது மட்டும் பயன்படுத்துவதற்கானது. நான்கைந்து வண்டிகள் வரிசையாகப் புழுதிப் பாதையில் போனபோது, எனக்கு முன்னால் போனவர் பின்பக்க வெள்ளை விளக்கை அணைக்க மறந்துவிட்டார். புழுதி முழுவதும் வெளிச்சம் பட்டு வெள்ளைச் சுவராக எழுந்து நின்றது. அவர் வண்டியும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை, அவர் பிரேக் போட்டதும் தெரியவில்லை. ஓரத்தில் ஏற்றித்தான் தப்பினேன். புழுதியில் தன் இருப்பைக் காட்ட வேண்டும் என்றால் அதற்குச் சிவப்புப் பனிவிளக்கு இருக்கிறது. டெயில் பல்பு 5 வாட் என்றால் இது 21 வாட். பிரேக் பல்பும் அதே 21 வாட் என்பதால் இரண்டும் ஒட்டி இருந்தால் பிரேக் போட்டதே தெரியாது. இரண்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்று அதே விதி கேட்பது இதற்காகத்தான். இதற்குத் தனி ஸ்விட்ச், தனி ஃபியூஸ். வெள்ளை விளக்கோடு சேர்க்கக்கூடாது.

இணைப்புப் படம் ஒன்றைக் கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ரிலேயின் கால் எண்களையும் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த வார வாகனப் பக்கத்தில் இடம் இருந்தால் படத்தை வெளியிடுங்கள். இடம் இல்லையென்றால், ரிவர்ஸ் வயரிலிருந்து விளக்குக்கு நேரடியாக இணைப்பு எடுக்க வேண்டாம் என்ற திருத்தத்தையாவது, அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாகன வயரிங் தொழிலாளி ஒருவர்